நிறம் பார்த்து ஒயர் மாட்டினால் ஓடாது

சைக்கிளுக்கு மோட்டார் கிட் விற்பவர்கள் ஒயரிங்கை மட்டும் ஏன் இப்படி அம்போவென்று விடுகிறார்கள்? மோட்டாரிலிருந்து தடித்த ஒயர்கள் மூன்று: மஞ்சள், பச்சை, நீலம். மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று காட்டும் ஹால் சென்சாருக்கு மெல்லிய ஒயர்கள் ஐந்து: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மீதி மூன்றும் மறுபடி அதே மஞ்சள், பச்சை, நீலம். சரி, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டியோடு நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? மோட்டார் ஒரு கம்பெனி, கன்ட்ரோலர் வேறு கம்பெனி என்றால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சக்கரம் கடகடவென்று உதறும், இல்லையென்றால் பின்னோக்கிச் சுற்றும். தடித்த மூன்றையும் மெல்லிய மூன்றையும் மாற்றி மாற்றி மாட்ட 36 வழிகள்!

பல கன்ட்ரோலர்களில் செல்ஃப் லேர்னிங் ஒயர் இரண்டு இருக்கும். அவற்றைச் சேர்த்தால் அதுவே சரியான வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல வசதி! ஆனால் எனக்கு வந்த ஹார்னஸில் (ஒயர் கட்டில்) எந்த ஒயரிலும் லேபிள் இல்லை. திராட்டிலின் (ஆக்சிலரேட்டரின்) 5 வோல்ட் ஒயரில் பேட்டரியின் 48 வோல்ட் பட்டால் கன்ட்ரோலர் காலி. அப்புறம் வாரண்டி கிடையாது என்பார்கள். பெட்டிக்குள் ஒரு தாளில் ஒயரிங் படம் வையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.