பழனிவேல் தியாகராஜன் குறித்த திருத்தம்

கிளிநொச்சியிலுள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவர்கள் அரசியலுக்கு வரலாமா என்ற இவ்விவாத இழையில், தமிழக அரசியல்வாதி பழனிவேல் தியாகராஜன் ‘பொருளியல் கலாநிதி, லேமன் (அமெரிக்க முதலீட்டு வங்கி) வீழ்ந்ததும் நேரே அரசியலுக்கு வந்தவர், 2023இல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டவர்’ என்று ஓர் அன்பர் எழுதியுள்ளார், மூன்றும் பிழை.

அவர் திருச்சியில் இரசாயனப் பொறியியல் பயின்றவர். அமெரிக்காவின் பஃபலோவில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டமும், மனிதர் இயந்திரங்களோடும் கருவிகளோடும் எவ்வாறு இயங்குகின்றனர் என ஆராயும் பொறியியற் துறையைச் சார்ந்ததே. நிதிப் படிப்பு பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ முதுமாணியாக வந்தது. 1990 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள், நிறுவனங்களின் உற்பத்தி முறைகளையும் நடைமுறைகளையும் சீராக்கும் சுயாதீன ஆலோசகராகவே பணியாற்றினார் என்பதை இவ்விழையில் எவருமே குறிப்பிடாதது வியப்பளிக்கிறது, ஏனெனில் பொறியியலிலிருந்து நிதிக்குப் பாலமானது அந்தக் காலமே. லேமனில் சேர்ந்தது 2001இல். 2008இல் அது சரிந்த பின்னர் சிங்கப்பூரில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியில் 2014 வரை இருந்தார். மதுரை மத்திய தொகுதியில் வென்றது 2016இல்தான்.

2021 மே மாதம் நிதியமைச்சரான அவர், ஆகஸ்ட்டில் மாநில நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். 2023 மே மாதத்தில் நடந்தது இலாகா மாற்றம்: நிதித்துறை சக அமைச்சர் தங்கம் தென்னரசுவிடம் சென்றது, இவருக்குத் தகவல் தொழினுட்பம் கிடைத்தது. அதைப் பதவியிறக்கம் என்று வாதிடலாம், நீக்கம் என்று எழுத முடியாது.

இன்னொன்று: பாட்டனார் பி.டி.ராஜன் 1936இல் சென்னை மாகாண முதலமைச்சர், தந்தையார் சட்டப்பேரவைத் தலைவர். ஆகவே ‘படிப்பு மட்டுமே அவரை உயர்த்தியது’ என்ற மறுதரப்பு வாதமும் முழுமையானதன்று.