பீஸ் வேறு, செலவு வேறு

வருகிற திங்கட்கிழமை சட்டக் கல்லூரியில் எனக்குத் தொழில் நெறிமுறைத் தேர்வு. "அது கதை எழுதுற பேப்பர்டா, ஒரு ராத்திரி போதும்" என்று சீனியர்கள் சொன்னதை நம்பி, ஒழுங்கீனமாக நடக்கும் வக்கீலுக்குத் தண்டனை சொல்லும், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவை மட்டும் உருப்போட்டுவிட்டு, மீதியைப் படிக்கலாம் என்று தேவகோட்டைக்கு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மீதி என்றால் கணக்கு. தாளின் பெயரிலேயே கணக்கு முறை என்று பாதி இருக்கிறது, ஆனால் யாரும் சீண்டுவதில்லை. எனக்கு இப்போது அதுதான் இந்தத் தாளின் உயிர் என்று தோன்றுகிறது. கட்சிக்காரரிடம் வாங்கும் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், எது பீஸ், எது செலவு என்று பிரித்து எழுத வேண்டும், வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தை அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பீஸில் சேர்க்கக் கூடாது, கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் இவ்வளவு பச்சையாகச் சொல்கின்றன. நாம் என்னடாவென்றால் 'உன்னதமான தொழில்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் நிரப்புகிறோம்.

இதைப் படித்தபோது அப்பத்தாவின் பழைய டைரிதான் ஞாபகம் வந்தது. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்குள்ள வீடு எங்களுடையது, அதைப் பிரிக்கும் பாக வழக்கு எத்தனையோ வாய்தா பார்த்துவிட்டது. ஐந்தொகை என்று வரவு செலவுக் கணக்கை எழுதிப் பழகிய ஊர் இல்லையா, ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய அப்பத்தா ஒவ்வொரு தேதிக்கும் 'வக்கீல் பீஸ் 5,000, ஸ்டாம்பு 1,200, குமாஸ்தா காபி 50' என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வக்கீலிடமிருந்து ஒரு ரசீதுகூட வந்ததில்லை. போன வருஷம் வக்கீலை மாற்றப் போனபோது, "பாக்கியைக் கட்டிவிட்டுக் கேஸ் கட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார். என்ன பாக்கி என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்படிப் பிடித்து வைக்கவே கூடாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று கட்டுகளைத் தராமல் வைத்திருந்தார். பீஸ் பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்குப் போடலாம், கட்டு ஒன்றும் அடகுப் பொருள் இல்லை, தராமல் வைத்திருப்பது தொழில் ஒழுங்கீனம் என்பதுதான் தீர்ப்பு. (கடைசியில் அவருக்குக் கிடைத்த தண்டனை வெறும் கண்டிப்பு. அதில் எனக்கு வருத்தம் உண்டு.)

நேற்று ராத்திரி முகப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் அப்பத்தாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியவர், "சட்டம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் நீ ஜூனியராச் சேரணும்னு அப்பா அந்த வக்கீல்கிட்டதானே சொல்லி வச்சிருக்காக?" என்றார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். திங்கட்கிழமை என்னவோ எழுதிவிடுவேன்.