ஓதம் பிடித்த சுவருக்கு ஒரு படம்

(ரங்கூன். அனவ்ரதா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் வேலாயுதத்தின் தேநீர்க் கடை. முழங்கால் உயரத்துக்கு முக்காலிகள். மேசைக்கு ஒரு பிளாஸ்க், அதில் இலவச வெறுந்தேநீர். ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. அதை மறைக்கப் படம் தேடி, காலையிலிருந்து ஓவியக் கண்காட்சிகளைச் சுற்றிவிட்டுத் தங்கை கணவர் சொக்கலிங்கத்தோடு கடைக்காரர் திரும்பியிருக்கிறார். சொக்கலிங்கம் பெயர்ப்பலகை எழுதியவர். பிளெக்ஸ் வந்த பிறகு, ஓவியக் கலையைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.)

வேலாயுதம்: உட்காருங்கள் மாப்பிள்ளை. என் முழங்கால் என்னிடம் இல்லை. படம் பார்க்கப் போனோமா, பழனிமலைப் படி ஏறப் போனோமா?

சொக்கலிங்கம்: லோகநாத் ஓவியக்கூடம் ஒரே மாடிதான் மச்சான்.

வேலாயுதம்: வெள்ளைக்காரன் காலத்து மாடி. அவன் கால் நீளத்துக்குப் படி வைத்திருக்கிறான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தரை என்றால் அதுதான் தரை! இத்தனை பேர் நடந்தும் ஓட்டில் பூ அப்படியே இருக்கிறது.

சொக்கலிங்கம்: மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த ஓடு. கட்டடம் 1906இல் எழுந்தது, ஓவியக்கூடம் வந்தது 1971இல். எல்லாம் சரி, சுவரில் அத்தனை படம் இருக்க, நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தால் எப்படி? எதையோ தொலைத்துவிட்டீர்கள் என்று அந்த ஓவியர் தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

வேலாயுதம்: பாவம், நல்ல பிள்ளை. எழுந்ததும் விலைப்பட்டியலை நீட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே ஏதோ தொலைந்தது.

சொக்கலிங்கம்: முதலில் உங்களுக்கு என்ன மாதிரிப் படம் வேண்டும் என்று சொல்லுங்கள். இயற்கைக் காட்சியா, உருவமா, நவீனமா?

வேலாயுதம்: எனக்கு இரண்டே நிபந்தனை. ஓதம் மறைய வேண்டும். வாடிக்கையாளர் எழுந்து போக வேண்டும்.

சொக்கலிங்கம்: எழுந்து போகவா?

வேலாயுதம்: ஒரு பால் தேநீர் வாங்குகிறார். ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுகிறார். பிறகு பிளாஸ்க்கை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் இலவசத்தைக் குடிக்கிறார். இந்த அழகில், பார்ப்பதற்குச் சுவரில் ஒரு படத்தையும் மாட்டினால் ராத்திரிக்குத் தலையணை கேட்பார்.

சொக்கலிங்கம்: அப்படியானால் அந்த மழைத் தெரு நீர்வண்ணம் வேண்டாம். அதை ஒருவர் நாள் முழுக்கப் பார்க்கலாம்.

வேலாயுதம்: எது, நனைந்த தெருவில் குடையோடு ஒரு பெண் போகிறாளே, அதுவா? அது எனக்கும் பிடித்தது. ரோடு பளபளவென்று மின்னியது. வெள்ளைப் பெயின்டை எவ்வளவு பொடியாக வைத்திருக்கிறான்!

சொக்கலிங்கம்: அதில் வெள்ளைப் பெயின்டே கிடையாது மச்சான். மின்னுகிற இடமெல்லாம் வெறும் காகிதம். சுற்றிலும் நிறத்தை ஓடவிட்டு, அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். ஒரு சொட்டுத் தவறி விழுந்தாலும் படம் போச்சு, அழிக்க முடியாது. அதில்தான் வித்தையே இருக்கிறது.

வேலாயுதம்: பூசாத இடத்துக்கும் சேர்த்தா விலை போட்டிருக்கிறான்?

சொக்கலிங்கம்: பூசாத இடத்துக்குத்தான் விலை.

வேலாயுதம்: நான் தேநீர் ஊற்றாமல் கோப்பையை நீட்டிவிட்டு, அதில்தான் வித்தையே இருக்கிறது என்று சொன்னால் விடுவார்களா? போகட்டும். அந்தப் படமாவது புரிந்தது. பெண், குடை, மழை. எது சரி, எது தப்பு என்று நாமே பார்த்துச் சொல்லலாம். குடையைக் காற்று வருகிற பக்கம் சாய்க்காமல் மறுபக்கம் சாய்த்திருந்தாள். அதையும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சொக்கலிங்கம்: அதனால்தான் நமக்குப் பச்சைத் தேநீர் கொடுத்தவர், நாம் கிளம்பும்போது வாசல்வரை வரவில்லை.

வேலாயுதம்: அடுத்த அறையில் இருந்தது என்ன? அதற்கு ஒரு தப்பு சொல்லக்கூட வழி இல்லையே! சிவப்பு, கறுப்பு, நடுவில் கத்தியால் அப்பிய மஞ்சள். மேலே எது, கீழே எது என்று கேட்டேன். நீங்கள் பார்க்கிறபடிதான் என்கிறார். நான் பார்க்கிறபடி என்றால் நான்தானே ஓவியர்? எனக்கல்லவா பணம் தர வேண்டும்?

சொக்கலிங்கம்: இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வரவில்லை மச்சான். இப்படிப் படங்கள் இங்கே முதலில் வந்தபோது பர்மியர்களே அதைப் பைத்தியக்கார ஓவியம் என்றுதான் அழைத்தார்கள். பஜீ ஆங் சோ என்று ஒருவர். வசை முழுவதையும் வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

வேலாயுதம்: ஆங் சோவா? சினிமாவில் நடித்தாரே, அவரா?

சொக்கலிங்கம்: அவரேதான். பத்திரிகைகளுக்குப் படம் போட்டார், சினிமாவிலும் நடித்தார். 1951இல் இந்திய அரசின் உதவித்தொகையில் சாந்திநிகேதனுக்குப் போய்ப் படித்தவர். கடைசிக் காலத்தில் மலிவுக் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து தள்ளினார்.

வேலாயுதம்: ஸ்கெட்ச் பேனா என் பேத்தியிடம் ஒரு டஜன் இருக்கிறது.

சொக்கலிங்கம்: உங்கள் பேத்தியைக் கையெடுக்காமல் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். நாற்பது வருடம் பர்மிய எழுத்தின் வட்டத்தைக் காம்பஸ் இல்லாமல் பலகையில் போட்டவன் நான். எனக்குக் கோடு தெரியும். அவருடைய கோடு எந்த இடத்திலும் தயங்கி நிற்பதில்லை. தயங்கினால் அந்த இடத்தில் மை ஊறிப் புள்ளி விழுந்துவிடும்.

வேலாயுதம்: கோடு நன்றாக இருக்கலாம். அது எதைக் காட்டுகிறது? அதுதான் என் கேள்வி. பழைய ஓவியர்கள் இப்படியா வரைந்தார்கள்? தேசிய அருங்காட்சியகத்தில் ஊ பா ஞான் படத்தைப் பாருங்கள். முகம் முகமாக இருக்கிறது. நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது. அது நம் பாரம்பரியம்!

சொக்கலிங்கம்: (முக்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு) வசமாக மாட்டிக்கொண்டீர்கள். பா ஞான் யார்? பன்டனாவ்காரர்.

வேலாயுதம்: ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் ஊர்.

சொக்கலிங்கம்: அதே ஊர்தான். 1921இல் லண்டனுக்குப் போய் எண்ணெய் வண்ணத்தையும் நிழல் போடுவதையும் கற்று வந்தவர். நீங்கள் பாரம்பரியம் என்கிறீர்களே, அந்த நிழல் கப்பலில் வந்தது! உங்களுக்குப் பிடித்த தரை ஓட்டைப் போலத்தான். நூறு வருடச் சரக்கு. அதற்கு முன்னால் பர்மாவில் யார் நிழல் போட்டார்கள்? பழைய தலைநகர் பகானுக்குப் போனீர்களே, குபியாவ்ஜி கோயிலுக்குள் என்ன பார்த்தீர்கள்?

வேலாயுதம்: ஒன்றும் பார்க்கவில்லை. உள்ளே கும்மிருட்டு. டார்ச்சை வைத்திருந்தவர் முன்னால் போய்விட்டார்.

சொக்கலிங்கம்: 1113இல் கட்டிய கோயில். சுவர் முழுக்கப் புத்தருடைய பழைய பிறவிக் கதைகள், சின்னச் சின்னக் கட்டங்களில். கீழே மோன் மொழியில் விளக்கம். எல்லாம் கோட்டில் நிற்கிற உருவங்கள். ஒரு யானையின் நிழலாவது தரையில் விழுகிறதா? கிடையாது. ஆங் சோ சாந்திநிகேதனிலிருந்து திரும்பியதும் இந்தச் சுவரோவியங்களைத்தான் தேடித் தேடிக் கற்றார். பைத்தியக்கார ஓவியம் என்று திட்டினார்களே, கோயில் சுவருக்கு அவர்தான் பக்கத்தில் இருக்கிறார். பா ஞான் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

வேலாயுதம்: (சற்று யோசித்து) சாமி சமாசாரத்துக்கு நிழல் எதற்கு? தமயந்தி சுயம்வரத்தில் ஐந்து நளன் நிற்கிறான். எவன் அசல் என்று எப்படிக் கண்டுபிடித்தாள்? தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் தரையில் படாது, நிழலும் விழாது. சாமிக்கு நிழல் போட்டால் சாமியை மனிதனாக்கிவிட்டதாக அர்த்தம்.

சொக்கலிங்கம்: அருமை! அப்படியானால் உங்கள் கல்லாவுக்கு மேலே தொங்குகிற லட்சுமியை இறக்குங்கள்.

வேலாயுதம்: (பதறி) ஏன்?

சொக்கலிங்கம்: கன்னத்தில் நிழல், மூக்குக்குப் பக்கத்தில் நிழல், சேலை மடிப்பில் நிழல். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து வீட்டுக்கு வீடு அனுப்பிய வகை. ஐரோப்பிய வித்தையில் நம் சாமி. உங்கள் தாத்தா ஊரிலிருந்து வந்தபோது பெட்டியில் வைத்திருந்தது இந்த மாதிரிப் படம்தானே? அவருக்கு அது புதுமை. உங்களுக்கு அது பாரம்பரியம்.

வேலாயுதம்: லட்சுமி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கல்லாவுக்கு நேர் மேலே தத்துவம் பேசாதீர்கள். மூன்றாவது இடத்தில் பார்த்தோமே, பிக்குகள். அதைப் பேசலாம். அதுதான் எனக்கான படம்!

சொக்கலிங்கம்: பின்புறம் தங்க நிறம், பிக்குகள் வரிசையாக முதுகைக் காட்டி நடக்கிறார்களே, அதுவா? மின் வே ஆங் இந்த வகைக்குப் பெயர் போனவர். இப்போது ஸ்காட் மார்க்கெட் பக்கம் போனால் கடைக்குக் கடை அதைப் பார்த்து வரைந்தவைதான்.

வேலாயுதம்: அந்த மனிதர் பெரிய மேதை. யோசித்துப் பாருங்கள். முகமே இல்லை. எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? நாமும் கிளம்பலாம் என்று தோன்றும்! எந்த ஓவியமாவது இவ்வளவு தெளிவாக ஒரு தேநீர்க் கடைக்கு உதவியிருக்கிறதா?

சொக்கலிங்கம்: முதுகைக் காட்டி நடக்கிறார்கள் என்றால் சுவருக்கு உள்ளே அல்லவா போகிறார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

வேலாயுதம்: (முகம் சுருங்கி) அந்தப் போட்டிக்காரனுடைய தேநீர்க் கடை.

சொக்கலிங்கம்: உங்கள் வாடிக்கையாளரை அவனிடம் அனுப்பப் படம் வாங்கப் போகிறீர்கள்.

வேலாயுதம்: அவனும் இரண்டரை மணி நேரம் பிளாஸ்க் நிரப்பட்டும். எனக்குச் சம்மதம். அதுவும் தவிர, பிக்கு படத்துக்கு முன்னால் யாரும் கால் நீட்டி உட்கார மாட்டார்கள். மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். மரத்துப்போனால் எழுந்துதான் ஆக வேண்டும்.

சொக்கலிங்கம்: நன்றாக யோசித்திருக்கிறீர்கள். ஆனால் ஓதம் எங்கே இருக்கிறது? தரையிலிருந்து நான்கடி வரை. பிக்குகளை அங்கே, காலடி உயரத்தில் மாட்டுவீர்களா? தலைக்கு மேலே மாட்ட வேண்டிய படம். இந்தத் தெரு சும்மா இருக்குமா?

வேலாயுதம்: (நெற்றியைத் தட்டிக்கொண்டு) அதை யோசிக்கவில்லையே!

சொக்கலிங்கம்: நீர்வண்ணமும் ஆகாது. சுவரின் ஈரம் காகிதத்தில் ஏறி ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மிஞ்சுவது அந்தச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள்தான். அதற்கு மேல் கீழ் கிடையாது, காலடியில் வைத்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஈரம் படாமல் பின்னால் ஒரு தகடு அடித்துத் தருகிறேன்.

வேலாயுதம்: அந்தக் காலத்தில் நம் ஆள் ஒருவர் பகானுக்கு வந்தாரே, குலசேகர நம்பி. விண்ணகரத்துக்கு, அதுதான் பெருமாள் கோயிலுக்கு, என்ன கொடுத்தார்? கல்வெட்டில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். மண்டபம், கதவு, நிலைவிளக்கு. எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே மனிதர் உபயோகமான சாமானாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். யாராவது அவரைச் சுருக்குப்பையோடு படம் பார்க்க மாடி ஏற்றினார்களா?

(மூன்றாவது மேசையில் ஒரு பர்மியப் பெரியவர். இதே தெருவில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தெரியும். தொண்டையைச் செருமுகிறார். பிக்குகள் படத்தைக் கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் உயரமாக மாட்டலாம் என்கிறார். அவருக்கு எதிரே இருப்பவர், மேல் கீழ் தெரியாத படமே நல்லது, தினமும் வந்து பார்த்து எந்தப் பக்கம் மேல் என்று தானே கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்கிறார். அது இடதுபுறமாகத்தான் இருக்கும் என்று நான்காவது மேசை, படத்தைப் பார்க்காமலே, குறுக்கிடுகிறது. குரல்கள் உயர்கின்றன. வாசலில் போனவர்கள் இரண்டு பேர் என்ன தகராறு என்று உள்ளே வந்து உட்காருகிறார்கள்.)

சொக்கலிங்கம்: பார்த்தீர்களா மச்சான்? படம் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இது நடக்காத காரியம். வாருங்கள், சுண்ணாம்பு அடித்துவிடலாம்.

வேலாயுதம்: கொஞ்சம் பொறுங்கள். கத்துகிறார்களே, தொண்டை வறளுமல்லவா?

சொக்கலிங்கம்: வறண்டால் பிளாஸ்க்கை இழுப்பார்கள்.

வேலாயுதம்: (கடைப் பையனைக் கூப்பிட்டு) தம்பி, எல்லா மேசையிலிருந்தும் பிளாஸ்க்கைக் கழுவ எடுத்துப் போ. மெதுவாகக் கழுவு, அவசரமே இல்லை. (உரக்க) ஐயா பெரியவரே, இடதுபுறம்தான் மேல் என்கிறார் நான்காவது மேசைக்காரர். நீங்கள் சும்மா இருக்கிறீர்களே!

(பெரியவர் எழுந்து நின்று பதில் சொல்கிறார். நடுவில் இருமல் வருகிறது. பிளாஸ்க்கைத் தேடுகிறார். இல்லை. ஒரு பால் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். எதிரே இருப்பவர் இரண்டு என்கிறார்.)

வேலாயுதம்: (குரலைத் தாழ்த்தி) மாப்பிள்ளை, அந்தச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்ன விலை என்றார்கள்?

சொக்கலிங்கம்: டாலரில் சொன்னார்கள்.

வேலாயுதம்: சொல்லட்டும். விளக்கம் எழுதிய சீட்டு ஏதாவது சேர்த்துத் தருவார்களா?

சொக்கலிங்கம்: தருவார்கள்.

வேலாயுதம்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.