ஆலையைக் காப்பாற்றுங்கள், பட்டறைக்காரன் பையிலிருந்து வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர்க் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "இரும்புக்கு இறக்குமதி வரி வேண்டாம்னு சொல்றவன், உள்நாட்டு ஆலை அழியட்டும்னு நினைக்கிறவன்" என்று மேடையிலிருந்து சொன்னார்கள். கைதட்டலும் விழுந்தது. கேள்வி கேட்க எழுந்த, தகடு வெட்டி ஒட்டுகிற சிறு பட்டறைக்காரரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அது இன்னும் ஆறவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உருக்காலை நொடித்தால் அரசு காப்பாற்றத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கஜானாவிலிருந்து, கணக்குக் காட்டிக் காப்பாற்றட்டும். தகட்டு விலையை ஏற்றிப் பட்டறைக்காரன் பையிலிருந்து எடுக்க வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்.

"நஷ்டம்னா மூடிட்டுப் போக வேண்டியதுதானே" என்பவர்களுக்கு முதலில் ஒன்று. அறுவடை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு அடுத்த குறுவைக்குத் திறக்கிற நெல் மில் இல்லை ஊதுலை, அதாவது தாதிலிருந்து இரும்பு உருக்குகிற உலை. ஒரு டன் இரும்பு எடுக்க ஏறக்குறைய 1.6 டன் தாதும் 400 முதல் 500 கிலோ கோக் கரியும் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முறைப்படி உலையை அணைக்காமல் கரி தீர்ந்து நின்றால், அடியில் இருக்கிற இரும்புக் குழம்பு அப்படியே உறைந்துவிடும். அப்புறம் துளைபோட்டு, வெடிவைத்துத்தான் எடுக்க வேண்டும். கோக் அடுப்பின் சிலிகாச் செங்கல்லும் ஆறவிட்டால் விரிசல் விடும். 2025 ஏப்ரலில் பிரிட்டன் ஒரு சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி ஸ்கன்தார்ப் உருக்காலையின் உலைகளுக்காகச் சட்டம் போட்டது இந்தப் பயத்தில்தான். விசாகப்பட்டினம் அரசு உருக்காலையில் 2024இல் மூன்று ஊதுலைகளில் ஒன்றுதான் ஓடிய நாட்கள் உண்டு. அடுத்த ஜனவரியில் மத்திய அரசு 11,440 கோடி ரூபாய் கொடுத்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன். சொந்தச் சுரங்கம் இல்லாமல் தாதை விலைக்கு வாங்கி ஓட்டுகிற ஆலை அது. அந்தக் குறையையும் தீர்த்திருக்கலாம் என்பது மட்டும்தான் என் வருத்தம்.

இப்போது மேடையில் சொல்லாததைச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் 21 முதல் போட்ட 12 சதவீத இறக்குமதிப் பாதுகாப்பு வரி எதற்கு? சுருள், தகடு, ஷீட் ஆகிய தட்டைச் சரக்குக்கு. விசாகப்பட்டினம் தயாரிப்பது என்ன? கம்பி, ஒயர் ராடு, ஆங்கிள், சேனல். சேலம் உருக்காலை செய்வது துருப்பிடிக்காத எஃகு. அதுவும் இந்த வரியில் இல்லை. அப்படியென்றால் நொடிந்த அரசு ஆலைக்காகத்தான் இந்த வரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இதனால் பெரும்பலன் அடைவது தகடு உருட்டுகிற பெரிய ஆலைகள். அவற்றில் பெரும்பாலானவை நொடித்துப்போனவை அல்ல.

"சின்னப் பட்டறைக்காரன் வெளிநாட்டுத் தகடா வாங்குறான்?" என்று கேட்பீர்கள். வாங்குவதில்லைதான். ஆனால் உள்ளூர் ஆலை விலை வைப்பது, இறக்குமதிச் சரக்கு துறைமுகத்தில் வந்து இறங்குகிற விலையை ஒட்டி. அது ஏறினால் இதுவும் ஏற இடம் கிடைத்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். வாய்க்கால் மதகுக்கு ஒன்றரை மீட்டருக்கு 1.2 மீட்டர் ஷட்டர். முகத்தகடு 8 மி.மீ. கனத்தை இரும்பின் அடர்த்தியான 7.85ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 62.8 கிலோ, 1.8 சதுர மீட்டருக்கு 113 கிலோ. கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 565 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 667. ஒரு ஷட்டருக்கு, முகத்தகடு மட்டும். ஒப்பந்த விலையோ டெண்டர் அன்றே முடிந்துபோனது. ஆள் என்ன செய்வான்? 8 மி.மீ. இடத்தில் 6 மி.மீ. போடுவான், 85 கிலோவில் வேலை முடிந்துவிடும். வெல்டிங் சூட்டில் அந்தத் தகடு நெளியும். நெளிந்தால் ரப்பர் சீல் உட்காராது, தண்ணீர் கசியும். ஷட்டரின் சட்டகம் கோணிக்கொண்டால் அதைத் தூக்குகிற ஸ்க்ரூ ராடு இறுகி, வெள்ளத்தில் திறக்க வேண்டிய நேரத்தில் ஷட்டர் ஏறாது. கடைமடையில் உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில் அடிவிளிம்புதான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்கள் போனதைப் பார்த்த நாம், மதகு இரும்பை இளக்காரமாகப் பேசலாமா?

சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலின் பல்லுக்குப் போகிற ஆங்கிள் இந்த வரியில் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடுவில் ஹப்புக்கு வெட்டுகிற தகடு வரும். உழவு மணிக்கூலியில் அது வந்து சேரும்.

"கஜானாப் பணமும் நம்ம பணம்தானே" என்றார் ஒரு நண்பர். நம் பணம்தான். ஆனால் அது பட்ஜெட்டில் எழுதப்படும், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், நிபந்தனை போடலாம். விலையில் ஒளிந்து போகிற பணத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

சீனா உலக உருக்கில் பாதிக்கு மேல் உருக்கி மலிவாகத் தள்ளுகிறது, உண்மை. அதற்குப் பல நாடுகள் வரி போடுகின்றன, அதுவும் உண்மை. சரி, போடுங்கள். அப்படியானால் அதில் வசூலாகிற பணத்தில் ஒரு பங்கைச் சிறு பட்டறைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். அதைக் கேட்டால் ஏன் தேசப்பற்று பேசுகிறீர்கள்?

திருச்சிக்குப் பக்கத்துத் துவாக்குடியை நினைத்துப் பாருங்கள். மின்நிலையக் கொதிகலன் செய்கிற பெல் (BHEL) நிறுவன ஆர்டரை நம்பி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் கூடங்கள். அனல்மின் நிலைய வேலை சுருங்கியதும் ஒவ்வொன்றாகக் கிரேன் நின்றது. கடனுக்கு இடத்தை விற்றவர்கள் உண்டு. வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்களும் உள்நாட்டுத் தொழில்தானே? அவர்களுக்காக எந்த மேடையில் யார் கைதட்டினார்கள்?

அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டறைக்காரருக்குப் பத்து நிமிடம் மைக் கொடுங்கள். சிறு மதகு வேலைகளுக்கும் தகட்டு விலை ஏறினால் ஒப்பந்த விலை ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும் என்று நீர்வளத் துறையிடம் கேட்கும் மனுவைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.