ஆச்சியிடம் கேளுங்கள்

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள், வீட்டு வேலை பேச வருபவர்கள். கேட்பது யாரிடம்? முகப்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அப்பத்தாவிடம்! பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

பர்மா, மலாயா, இலங்கை என்று ஆண்கள் வட்டிக்கடை நடத்தக் கப்பலேறிப் போனார்கள். வருஷக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அப்போது இந்தச் செட்டிநாட்டு வீடுகளை இருந்து நடத்தியது ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள்தானே? கல்யாணமான மகனை எப்போது வேறு வைப்பது (தனிக்குடித்தனம் வைப்பது), அவனுக்கு அரிசி பருப்பு எவ்வளவு அளந்து கொடுப்பது, சீர் செய்முறைகளைக் குறித்துவைக்கும் முறைச்சிட்டையில் எதை எழுதுவது, எல்லாம் அவர்கள் வாய்ச்சொல்தான். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில், இருக்கும் சாமான் அறைச் சாவி இன்றும் அப்பத்தா இடுப்பில்தான் இருக்கிறது.

போன மாதம் சுவர் பார்க்க ஒரு மேஸ்திரி வந்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு எந்தச் சுவரில் இருக்கிறது, எதில் பின்னால் சிமெண்டு பூசினோம் என்று அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பத்தா வாயைத் திறந்ததும், "பாட்டி, நீங்க உள்ள போய் ரெஸ்ட் எடுங்க" என்கிறார் அந்த ஆள்! கல்லூரியில் படிக்கும் என் தம்பியிடம் போய் எஸ்டிமேட்டை நீட்டுகிறார். அவனுக்குக் கையால் செய்த ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கும் கடை டைல்ஸுக்குமே வித்தியாசம் தெரியாது.

தயவுசெய்து, "ஆச்சி, உங்ககிட்டத்தான் பேசணும்" என்று தொடங்குங்கள். தம்பியைக் கேட்டாலும் அவன் உள்ளே வந்து அப்பத்தாவைத்தான் கேட்பான்.