பைசாந்திய செப்புக்காசின் 'எம்' மரியாளைக் குறிக்கிறதா?

பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், பழைய செப்புக்காசு ஒன்றின் படம் சுற்றுகிறது. அதன் நடுவில் பெரிதாக 'எம்' எழுத்து, மேலே சிலுவை. "பைசாந்தியர்கள் மாதா மரியாளின் முதல் எழுத்தைக் காசில் பொறித்தார்கள்" என்கிறது பதிவு. சிலுவையையும் சேர்த்துப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் அது தவறு.

அந்த எழுத்து காசின் மதிப்பு, அவ்வளவுதான். கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. 'எம்' போலவே இருக்கும் கிரேக்க எழுத்து 'மியூ'; அது 40-ஐக் குறிக்கும். அதுவரை புழங்கிய நும்மஸ் என்ற செப்புக்காசு நகம் அளவுக்குச் சுருங்கி, சில்லறை எண்ணுவதே பெரும்பாடாகியிருந்தது. 498-இல் பேரரசர் அனஸ்டாசியஸ் 40 நும்மஸ் மதிப்புள்ள ஃபாலிஸ் காசை வெளியிட்டார். அதில் பாதிக்கு 'கப்பா', அதாவது 20. கால் பங்குக்கு 'அயோட்டா', அதாவது 10. பிறகு 5-க்கு 'எப்சிலான்' வந்தது. அலெக்சாந்திரியாவில் 12 நும்மஸ் காசும் உண்டு. அதில் 'அயோட்டா', 'பீட்டா' இரண்டும் சேர்ந்து நிற்கும், பத்தும் இரண்டும். இதற்கெல்லாம் எந்தப் புனிதரைத் தேடுவது?

சரி, 'எம்' எழுத்துக்குக் கீழே இருக்கும் குட்டி எழுத்து? அது நாணயச்சாலையின் பட்டறை எண். 538-க்குப் பின் ஜஸ்டினியன் தன் ஆட்சியாண்டையும் பக்கத்தில் சேர்த்தார். மரியாளின் உருவம் பைசாந்தியக் காசில் வந்தது உண்மைதான், ஆனால் அது ஆறாம் லியோ (886–912) காலத்துத் தங்கக்காசில்.