கூலியைக் கேட்கும் முன் இலையை நிறுத்துப் பாருங்கள்

திருநெல்வேலி மேலப்பாளையத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஆயிரத்துக்கு என்ன கூலி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூலி குறைவுதான். ஆனால் அதுவும் முழுசாகக் கைக்கு வராமல் போவது, கம்பெனிக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலையிலே.

இலை நன்றாக இருந்தால் ஆயிரம் பீடிக்கு ஏறத்தாழ 700 கிராம் பிடிக்கும். புகையிலைத் தூள் 200 முதல் 250 கிராம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் பறித்த இலை, கிட்டங்கியில் மாதக்கணக்கில் கிடந்துதான் இங்கே வருகிறது. பழைய இலை நொறுங்கும். ஓட்டையும் கறையும் இருக்கும். இரவே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறார்கள். ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், குறைந்தால் கத்தரி பட்டதும் கீறிவிடும். தகடு வைத்து வெட்டி, தடித்த நரம்பைச் சீவினால், இரண்டு துண்டு தேற வேண்டிய இலையில் ஒன்றுதான் தேறும். 800 பீடியோடு இலை தீர்ந்துவிட்டால்? கடையில் ஆயிரம் கொடுத்தாக வேண்டும். மிச்ச 200-க்குச் சொந்தக் காசில் இலை வாங்குகிறார்கள். அதற்குமேல் முனை மடக்கு விட்டிருக்கு, நூல் தளர்ந்திருக்கு என்று கடையில் ஒதுக்கித் தள்ளும் கழிவு. கழித்த பீடியும் பல கடைகளில் திரும்பி வருவதில்லை!

இலைக் குறைவையும் கழிவையும் தகராறாக எழுப்ப 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே இடம் வைத்தது. வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யும் வேலை என்பதால்தான் இது வீட்டுக்கு வீடு பரவியது. அதனாலேயே தராசுத் தட்டை நேரில் பார்க்கிற பெண்களும் குறைவு. இலையை அவர்கள் கண்முன்னே நிறுத்து, எடையைப் புத்தகத்தில் எழுத வேண்டும். கழிவை அங்கேயே பிய்த்துப் போட வேண்டும். சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கம்பெனிப் பதிவுப் புத்தகமான பாஸ் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவில் "பாத்திமா பீவி", ஆதாரில் "பாத்திமாள்", வாக்காளர் அட்டையில் வாப்பா பெயர் வேறு எழுத்தில். பிறந்த வருடமும் ஒத்துப் போகாது. வேலையை விட்டபின் பணம் நிற்பது இங்கேதான். பழைய பதிவுகளைத் திருத்தப் பெரும்பாலும் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். உங்கள் உம்மாவின் பாஸையும் ஆதாரையும் இன்றே பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கம்பெனி திறந்திருக்கும்போதே.